முன்னால் நடந்தவள்

"ஏனுங்க பாய், உங்க வண்டியிலயே நானும் வந்தர்றேனுங்க. காந்திபுரத்துல எறக்கி உட்டுப்போடுங்க, போதும்."

டெம்போவின் பின்கதவைத் தூக்கி மாட்டிக்கொண்டிருந்த கலீல் ரஹ்மான் பாய் கொக்கியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"அக்கா, இந்த வண்டி நேரா காந்திபுரம் போகாதுங்க."

"தெரியுமுங்க. மொதல்ல அறுக்கற கூடத்துக்குப் போகும். நீங்க உங்க வேலையப் பாருங்க, நான் பாட்டுக்கு முன்னால உக்காந்துக்கறேன்."

"அந்த எடம் உங்களுக்கு ஒத்துக்காதுங்க."

"எனக்கு ஒத்துக்காதது பஸ்ஸுதானுங்க. பல்லடம் போறதுக்குள்ள ரெண்டு தடவ வாந்தி எடுத்துருவேன்."

அவர் என்னையும் பார்த்தார், வண்டிக்குள் நின்ற எட்டுக் கெடாக்குட்டிகளையும் பார்த்தார். பிறகு முன்கதவைத் திறந்துவிட்டார்.

பதினெட்டு வருஷமாக எங்கள் பட்டியில் குட்டி வாங்குகிறவர் அவர். குண்டடத்துக்குத் தெற்கே எங்களுக்கு மேய்ச்சலுக்கென்று கொஞ்சம் கொறங்காடு இருக்கிறது. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும்தான். செம்மறிக்கு அது போதும். வளர்ப்பது நான். ஏற்றி அனுப்புவது என் வீட்டுக்காரர் குமாரசாமி. டெம்போ வேலிகளுக்கு நடுவே உள்ள இட்டேரிக்குள் நுழையும் சத்தம் கேட்டதும் நான் சமையலறைக்குள் போய் மிக்ஸியில் தேங்காயைப் போட்டு ஓடவிடுவேன். குட்டிகள் கத்துவது காதில் விழக் கூடாது. வண்டி போன பிறகு அவர் வந்து, "போதும், நிறுத்து. தேங்கா எண்ணெயா போயிருச்சு" என்பார். எங்கள் வீட்டில் அதுதான் முறை.

இந்தத் தடவை அவர் மொபெட்டிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மகள் நந்திதா லீவு போட்டு ஐந்து நாளாகக் கூட இருந்தாள். அன்று மதியத்துக்குள் நான் போய் அவளை விடுவித்தாக வேண்டும். குட்டிகளோ விற்கிற பருவத்தைத் தாண்டி நின்றன. அதனால் அன்றைக்கு மிக்ஸி இல்லை. படலைத் திறந்து, "த்தா... த்தா... வா சாமி, வா கண்ணு" என்று நானே கூப்பிட்டேன். எட்டும் என் பின்னால் வந்து, சாய்த்து வைத்திருந்த பலகையில் ஏறி வண்டிக்குள் நின்றுகொண்டன. முன்னால் வந்தவன் கருங்காதன். தாய் இறந்து, புட்டிப்பாலில் வளர்ந்தவன்.

"மூணு ஆளு தூக்கிப் போடற வேலைய உங்க கொரலு பண்ணிப்போடுதுங்க" என்றார் பாய், வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

எனக்குப் பெருமையாக இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, இருந்தது.

பொங்கலூர் தாண்டும்போது பாய் கேட்டார். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. ஞாயித்துக்கெழம கறி எடுப்பீங்கல்லங்க?"

"எடுப்போமுங்க. அவருக்கு அது இல்லாம சோறு எறங்காது. ஆனா நாங்க வளத்ததை நாங்க திங்கறதில்லீங்க. எங்க மாமியா காலத்துல இருந்தே அப்படித்தான்."

"அப்ப நீங்க எடுக்கற கறி ஆரு வளத்ததுங்க?"

"அது ஆரோ வளத்தது."

"அந்த ஆரோ ஞாயித்துக்கெழம எங்க எடுப்பாங்க?"

"வண்டி ஓட்டறப்ப உங்க வாய் சித்த நேரம் சும்மா இருக்காதுங்களா?"

அவர் சிரித்தார். "உங்குளுது அவிங்களுக்கு, அவிங்குளுது உங்களுக்கு. ரெண்டு பேரும் சுத்தம். நடுவுல நாந்தான் கத்தி புடிச்சவன்."

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, பதினெட்டு வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"அங்க எப்படிங்க பண்ணுவாங்க?"

"சுத்தமா பண்ணுவாங்கக்கா. கத்தி நல்லாத் தீட்டியிருக்கோணும், ஆனா ஆட்டு கண்ணு முன்னால தீட்டக் கூடாது. ஒண்ணு பாக்க இன்னொண்ணை அறுக்கக் கூடாது. தண்ணி காட்டோணும். எங்க அத்தா எனக்குச் சொல்லிக் குடுத்தது அது. இப்ப அங்க ஒரு டாக்டரம்மா இருக்காங்க, அவிங்களும் அதையேதான் சொல்றாங்க."

"அடிப்பாங்களா?"

"அடிச்ச ஆட்டோட கறி கருத்துப் போயிருமுங்க. ஆரு அடிப்பாங்க?"

அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. சூலூர் வரைக்கும் தூங்கிக்கூட விட்டேன்.

கூடம் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. தகரக் கூரை, வெள்ளைச் சுவர், வாசலில் ஒரு புங்க மரம். பள்ளிக்கூடம் என்று சொன்னாலும் நம்பலாம். காற்றடிக்கும் பெரிய விசிறியின் இரைச்சலும் பினாயில் வாசமும்தான் முதலில் வந்தன. பினாயிலுக்குக் கீழே இருந்த வாசம் பிறகு வந்தது.

பாய் இறங்கும்போது, "அக்கா, நீங்க எறங்க வேண்டாமுங்க" என்றார். நான் எதிரே இருந்த கண்ணாடியில் குங்குமத்தைச் சரிபண்ணிக்கொண்டு, பார்க்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் பார்த்தேன்.

டாக்டரம்மா வந்தது. மானசா என்று சட்டையில் எழுதியிருந்தது. முப்பது வயது இருக்காது. ஒவ்வொரு குட்டியாக வாயைத் திறந்து பார்த்து, வயிற்றைத் தடவி, கண் இமையை இழுத்துப் பார்த்தது.

"நல்லா வளத்திருக்காங்கண்ணா. எட்டும் ஓகே. ஆனா பத்து மணிக்குள்ள உள்ள போகோணும். அதுக்கு மேல இன்னைக்கு எடுக்க முடியாதுங்க."

"போயிருமுங்க டாக்டரம்மா."

"கொட்டாய் நெறஞ்சிருக்கு. போகலைன்னா நாளைக்கு வரைக்கும் வெய்யில்லதான் நிக்கும். தீனியும் போட முடியாது, பாத்துக்கங்க."

மணி ஒன்பதரைக்கு மேல் இருக்கும். வண்டியிலிருந்து இறங்கிய குட்டிகள் ஒரு சிமெண்டுச் சந்தின் வாய் வரைக்கும் போய் நின்றுவிட்டன. உவைஸ் என்று ஒரு ஆள், நாற்பது வயது, முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டவன், பின்னாலிருந்து "ஹை, ஹை" என்று தள்ளினான். நகரவில்லை. கருங்காதனின் காதைப் பிடித்து இழுத்தான். அது நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. இன்னொருவன் வாலை முறுக்கினான். அப்புறம் பைப்புச் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் பைப்பு முதுகெலும்பில் விழுகிற சத்தம். அது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"அடிக்காதீங்க" என்றது டாக்டரம்மா. சொல்லிவிட்டு மணியைப் பார்த்தது.

"டேய் உவைஸு, வேண்டாண்டா" என்றார் பாய். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் என்னிடம் சொன்னதை நினைத்திருப்பார். முகம் செத்துப் போயிருந்தது.

"பின்ன எப்படிங்க பாய் போகும்? நீங்க வந்து சொல்லிப் பாருங்க" என்றான் உவைஸ். "ஊருப்பட்ட குட்டி இன்னைக்கு. கை ஓஞ்சு போச்சுங்க எனக்கு." இன்னொரு அடி விழுந்தது. கடைசியில் நின்ற குட்டி முன்னங்கால் மடங்கி விழுந்து, "ம்பே" என்று என்னைப் பார்த்துக் கத்தியது. என்னைத்தான் பார்த்தது.

இறங்கிப் போனேன்.

"அக்கா, வேண்டாமுங்க" என்றார் பாய்.

"தள்ளுங்க."

சந்தின் வாயில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். சாக்கடைக்கு மேல் இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள். கம்பிக்கு இடையே கறுப்பாகப் பள்ளம் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர் தெளித்த தரையில் டியூப்லைட் வெளிச்சம் மினுக்கியது. கொறங்காட்டு மண்ணைத் தவிர எதையும் மிதிக்காத குட்டி அதைக் குழி என்றும் கிணறு என்றும்தான் நினைக்கும். அதற்குப் பயம் கத்தியைப் பற்றியது அல்ல. கத்தி என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

"இதைய மிதிக்காதுங்க" என்றேன். "சாக்கு இருந்தாக் கொண்டாங்க."

உவைஸ் இரண்டு சாக்கைக் கொண்டுவந்து போட்டான். நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாக்கின் மேல் ஏறி அந்தப் பக்கம் போய் நின்றேன்.

"த்தா... த்தா... வா சாமி. ஒண்ணுமில்ல கண்ணு. வா."

கருங்காதன் சாக்கை மோந்து பார்த்தான். என்னைப் பார்த்தான். ஒரே தாவலில் வந்து என் முழங்காலில் முட்டினான். அவன் வந்தால் மற்றவை வராமல் இருக்குமா. நான் முன்னால் நடந்தேன். எட்டும் வந்தன. அடி வாங்கி விழுந்ததும் நொண்டிக்கொண்டு வந்தது. சந்து இரண்டு வளைவு போய் ஒரு சின்ன அடைப்பில் முடிந்தது. அதற்கு அப்பால் நீலத் தகரக் கதவு.

"அக்கா, நீங்க இப்படி வந்துருங்க" என்று உவைஸ் பக்கத்தில் ஒரு ஆள் நுழைகிற அளவு கதவைத் திறந்தான். நான் வெளியே வந்ததும் சாத்தினான். கருங்காதன் கதவு இடுக்கில் மூக்கை வைத்து ஊதினான். நான் எங்கே போனேன் என்று பார்க்கிறான் என்று எனக்குத் தெரியும். பட்டியிலும் அப்படித்தான் செய்வான்.

நீலக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு குட்டிகூடக் கத்தவில்லை.

கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். டாக்டரம்மா ஓடி வந்தது. அதன் முகம் மலர்ந்திருந்தது.

"இப்படித்தானுங்கம்மா இருக்கோணும். நான் எத்தன தடவ சொல்லியிருக்கேன் இவங்ககிட்ட. பயமே இல்லாமப் போச்சு பாருங்க. ஒரு நிமிசம்கூட ஆகல."

"ம்."

"போன்ல புடிச்சிருக்கேங்கம்மா. மத்த கூடத்து ஆளுகளுக்குக் காட்டலாம்."

"என்ற மூஞ்சி தெரியுதா?"

"இல்லீங்க, பின்னால இருந்து எடுத்தது. ஏனுங்க, தெரிஞ்சா நல்லதுதானே?"

"அழிச்சுப்போடு சாமி."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. நல்லது செய்தவளுக்கு எதற்கு வெட்கம் என்று பார்த்தது. ஆனாலும் என் கண் முன்னால் அழித்தது. அழித்துவிட்டுக் கேட்டது, "உங்களால புதங்கெழம புதங்கெழம வர முடியுமுங்களா? அன்னைக்குத்தான் செம்மறி நெறைய வருது. நீங்க இப்படி முன்னால நடந்தாப் போதும்."

"டாக்டரம்மா, உடுங்க" என்றார் பாய். அவர் குரல் கெஞ்சுவது போல இருந்தது.

பாய் காந்திபுரத்தில் வண்டியை நிறுத்தினார். நான் இறங்கும்போது, "அக்கா, நான் பொய் சொல்லலீங்க. எங்க அத்தா கையில அடி பாத்ததே இல்ல நான். இவனுக அவசரத்துல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க" என்றேன். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது நந்திதா கிளம்பத் தயாராக நின்றாள். "அம்மா, பிளாஸ்க்குல ஆட்டுக்கால் சூப்பு இருக்கு. எலும்பு கூடறதுக்கு நல்லதுன்னு எல்லாரும் சொன்னாங்க. சூடா ஊத்திக் குடு. ஏம்மா, ஒரு மாதிரி இருக்கற?"

"வண்டி அசதி கண்ணு. நீ போயிட்டு வா."

வீட்டுக்காரரைத் தலையணையில் சற்றுச் சாய்த்து வைத்து டம்ளரில் சூப்பை ஊற்றினேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்.

"குட்டிய ஏத்தி உட்டியா புள்ள?"

"உட்டேனுங்க."

"கத்துச்சா?"

"இல்லீங்க."

"கருங்காதங்கூடவா?"

நான் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தேன். முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவருக்கு மூடி திருகுகிற சத்தமே போதும்.

"ஏம்புள்ள?"

சொன்னேன். வண்டியில் ஏறியதிலிருந்து நீலக் கதவு வரைக்கும் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர் காதில் விழாமல் சொன்னேன்.

"உன்ற பின்னாலயே வந்துச்சா?"

"ஆமாங்க."

"எட்டுமா?"

"எட்டும்."

சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பை அசைக்க முடியாததால் கழுத்தை மட்டும் திருப்பியிருந்தார்.

"அப்படியே திருப்பி ஏத்திக் கொண்டாந்திருக்கலாமில்ல?"

இதுதான். இதைத்தான் காந்திபுரத்திலிருந்து நடந்து வரும்போது நானும் என்னைக் கேட்டுக்கொண்டு வந்தேன். வண்டி வாசலில்தான் நின்றது. பாய் மறுத்திருக்க மாட்டார். "பாய், வேண்டாமுங்க, ஊட்டுக்குக் கொண்டுட்டுப் போயர்றேன்" என்று ஒரு வார்த்தை. அடியை நிறுத்த வேண்டும் என்று தோன்றியது, சாக்கு போட வேண்டும் என்று தோன்றியது. இது தோன்றவே இல்லை.

"தோணலீங்க" என்றேன்.

"தோணியிருக்காது" என்றார் அவர். "எனக்கும் தோணியிருக்காது. நான் ஒரு நாளாவது வண்டி எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாத்திருக்கறனா? நீ மிக்ஸியப் போட்டதும் நானும் கிணத்து மேட்டுப் பக்கம் போயிருவேன். உனக்கு அது தெரியாது."

எனக்கு அது தெரியாதுதான். இவர் நின்று, தடவிக் கொடுத்து, அனுப்பி வைக்கிறார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

"அப்ப ஆரு ஏத்தி உட்டது?"

"பாயோட ஆளுக காலைப் புடிச்சுத் தூக்கிப் போடுவாங்க. நான் அங்க இருக்க மாட்டேன்."

டம்ளரைக் கையில் எடுத்தேன்.

"சூப்பு ஆறுதுங்க" என்றேன்.

அவர் டம்ளரைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கேவலமாக இருந்திருக்குமோ என்னவோ. "குடு" என்று வாங்கிக் குடித்தார். டம்ளரில் மிச்சம் இருந்ததை நான் குடித்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ருசியாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பாய் போன் செய்தார்.

"அக்கா, அண்ணனுக்கு எப்படி இருக்குதுங்க?"

"நடக்க வெச்சிருக்காங்க. நீங்க எதுக்குக் கூப்புட்டீங்கன்னு சொல்லுங்க."

"டாக்டரம்மா கேக்கச் சொன்னாங்க. நான் முடியாதுன்னுதான் சொன்னேன். நாளைக்கு தாராபுரத்துப் பக்கம் இருந்து நாப்பது குட்டி வருது."

"எனக்குப் பழகாத குட்டி என்ற கொரலுக்கு எப்படிங்க வரும்?"

"வருமுங்க. முன்னால ஒருத்தர் நடந்தா வந்துருமுங்க."

"பாய், கம்பி மேல பலகை போடச் சொல்லுங்க. தரையத் தொடைக்கச் சொல்லுங்க. உவைஸு பைப்பக் கீழ வெச்சுப்போட்டு முன்னால நடக்கட்டும். இதுக்கு நான் எதுக்கு?"

"பலகை போட்டாச்சுங்க. உவைஸு நடந்தும் பாத்தான். அவம்மேல அடிக்கற வாசம், அவனைக் கண்டா பின்னால போகுதுங்க."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நான் வரலைன்னா?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்கக்கா" என்றார் பாய்.

போனை வைத்ததும் வீட்டுக்காரர் கட்டிலிலிருந்தே, "போறயா?" என்று கேட்டார்.

"நீங்க சொல்லுங்க."

"போகாதேன்னு சொல்றதுக்குத்தான் வாய் வருது. அப்பறம் பைப்பு நெனப்பு வருது." மேலே ஓடுகிற பேனைப் பார்த்துக்கொண்டே, "கறி திங்கறதையாவது உட்டுப்போட்டு உன்னையப் போகாதேன்னு சொல்லோணும். அதையும் நான் உட மாட்டேன். அப்பறம் நான் என்னத்தச் சொல்றது?" என்றார்.

மறுநாள் காலை அப்பாவைப் பார்க்க வந்த நந்திதாவிடம் ரத்தப் பரிசோதனைச் சீட்டு வாங்கப் போவதாகச் சொல்லி அவளை உட்கார வைத்துவிட்டு, பஸ் ஏறினேன். வாந்தி வரவில்லை. கூடத்தில் டாக்டரம்மா எனக்குப் புது ரப்பர் செருப்பு வைத்திருந்தது. வேண்டாம் என்றேன், வெறுங்காலில்தான் அவை நம்பும்.

நாற்பது குட்டிகளும் சந்தின் வாயில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. எந்தக் காட்டுக் குட்டிகளோ, யார் வளர்த்தவையோ. வளர்த்தவள் இந்நேரம் எந்தச் சத்தத்துக்குள் காதை ஒளித்துக்கொண்டிருக்கிறாளோ. பலகையைத் தாண்டிப் போய் நின்று திரும்பினேன். உவைஸ் பைப்பு இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"த்தா... த்தா... வா சாமி. வா கண்ணு."

முன்னால் நின்ற வெள்ளைக் குட்டி ஒன்று காதை உயர்த்தியது. இரண்டு எட்டு வைத்தது, நின்றது. இன்னொரு தடவை கூப்பிட்டேன். வந்தது. அதன் பின்னால் எல்லாம் வந்தன. போன வாரம் கூப்பிட்டபோது என் குரல் நடுங்கியிருந்தது. இந்தத் தடவை நடுங்கவில்லை.